நாடாளுமன்றத்தில் மூன்று இடங்களை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்? குரோஷியாவின் செர்பியர் கட்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூகோஸ்லாவியா உடைந்த கதையை நாம் பெரும்பாலும் 1995ஆம் ஆண்டோடு மூடிவைத்துவிடுகிறோம். போர் முடிந்தது, எல்லை நின்றது, அவ்வளவுதான் என்று. ஆனால் தோற்ற பக்கத்தோடு சேர்த்து எண்ணப்பட்ட செர்பியர்கள் குரோஷியாவிலேயே மிச்சமிருந்தார்கள். அவர்கள் யாரை அனுப்பினார்கள், யாரோடு பேசினார்கள், எதை வாங்கினார்கள் என்ற கதைக்கு மூடி கிடையாது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எந்தக் கட்சியைப் பற்றிப் பேசுகிறோம்?

சமோஸ்டால்னா டெமோக்ராட்ஸ்கா ஸ்ர்ப்ஸ்கா ஸ்ட்ராங்கா. தமிழில் சொன்னால் சுயேச்சை ஜனநாயக செர்பியக் கட்சி. குரோஷியாவில் சுருக்கமாக எஸ்.டி.எஸ்.எஸ். என்பார்கள், இங்கும் அப்படியே வைத்துக்கொள்வோம். 1997 மார்ச்சில் தொடங்கியது. முதல் தலைவர் வொயிஸ்லாவ் ஸ்டானிமிரோவிச், கிழக்கு நகரமான வுகோவாரைச் சேர்ந்த மனநல மருத்துவர். 2017 முதல் மிலோராட் புபோவாட்ஸ். இவர் குரோஷியத் தலைநகரான சாக்ரெப்பின் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பேராசிரியர், 1990களின் நடுவிலிருந்தே நாடாளுமன்றத்தில் இருப்பவர். கொள்கையளவில் மிதமான இடதுசாரி, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஆதரவான கட்சி. ஆனால் கொள்கையைப் பார்த்து யாரும் இதற்கு ஓட்டுப் போடுவதாகத் தெரியவில்லை.

குரோஷியாவில் செர்பியர்கள் எங்கிருந்து வந்தார்கள்? இன்று எத்தனை பேர்?

வந்தவர்கள் என்ற சொல்லே அவர்களுக்குப் பிடிக்காது. ஆஸ்திரியப் பேரரசு, உஸ்மானியப் பேரரசை ஒட்டிய தன் எல்லையைக் காக்க ராணுவ எல்லைப்புறம் என்று ஒரு நீண்ட பட்டையை வைத்திருந்தது. அங்கே நிலமும் சில சலுகைகளும் கொடுத்துக் குடியமர்த்தப்பட்டவர்களில் பலர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். அவர்களுடைய வாரிசுகள்தான் பிற்காலச் செர்பியர்களில் கணிசமானவர்கள். ஆக, பல நூற்றாண்டு வேர்.

எண்ணிக்கையைப் பார்த்தால் கதை வேறு. 1991 கணக்கெடுப்பில் 5,81,663 பேர், மக்கள்தொகையில் 12.2 சதவீதம். 2001இல் 2,01,631. 2011இல் 1,86,633. 2021இல் 1,23,892, அதாவது 3.2 சதவீதம். முதல் பெரிய சரிவு போரால் வந்தது. கடைசிச் சரிவுக்குக் காரணம் முதுமை, வெளிநாட்டு வேலை, அப்புறம் கணக்கெடுப்புப் படிவத்தில் தன்னைச் செர்பியர் என்று எழுதத் தயங்குவது. இந்த நான்கு எண்களை மனதில் வைத்துக்கொண்டால் கட்சி செய்யும் பாதி விஷயம் தானாகப் புரியும்.

போருக்கு நடுவில் எப்படி இப்படி ஒரு கட்சி பிறந்தது?

போருக்கு நடுவில் இல்லை, போர் வாலைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரத்தில். 1991இல் குரோஷியா சுதந்திரம் அறிவித்தபோது, அதன் நிலப்பரப்பில் கால்பங்குக்கும் மேல் கலகச் செர்பியர்கள் யூகோஸ்லாவிய ராணுவத்தின் துணையோடு பிடித்து, க்னின் நகரைத் தலைநகராக வைத்துத் தனிக் குடியரசு என்றார்கள். 1995 ஆகஸ்ட்டில் ‘புயல்’ என்ற ராணுவ நடவடிக்கையில் குரோஷியா நான்கே நாளில் அதை முடித்தது. ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான செர்பியர்கள் டிராக்டரிலும் காரிலும் ஊரை விட்டுக் கிளம்பினார்கள்.

கிழக்கே டான்யூப் ஆற்றங்கரையில், வுகோவாரைச் சுற்றிய பகுதி மட்டும் செர்பியர் கையில் மிஞ்சியது. அதைச் சண்டையில்லாமல் திருப்பித் தர 1995 நவம்பர் 12 அன்று எர்டூட் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1996 ஜனவரி முதல் இரண்டு ஆண்டுகள் அந்தப் பகுதியை ஐ.நா. நிர்வகித்தது. முதலில் பொறுப்பில் இருந்தவர் ஜாக் போல் கிளைன் என்ற அமெரிக்கர். 1998 ஜனவரி 15 அன்று பகுதி குரோஷியாவிடம் வந்தது.

அந்த இரண்டாண்டு இடைவெளிதான் கட்சியின் தொட்டில். 1997 ஏப்ரலில் அங்கே உள்ளாட்சித் தேர்தல் நடத்த வேண்டியிருந்தது. செர்பியர்கள் குரோஷிய அடையாள ஆவணங்களை வாங்கி, குரோஷியச் சட்டப்படி பதிவான கட்சியாக நிற்க வேண்டும். தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன் எஸ்.டி.எஸ்.எஸ். பதிவானது. நேற்றுவரை தனி நாடு கேட்ட பகுதியின் ஆட்கள், இன்று எதிர்த்தரப்பின் சட்டப் புத்தகத்தைப் பிரித்து மனுவை எழுதினார்கள். இதைச் சரணாகதி என்றவர்களும் உண்டு, புத்திசாலித்தனம் என்றவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. அப்போது கையில் இருந்த மற்ற ஒரே வழி, டிராக்டரில் ஏறுவது.

அப்படியானால் இவர்கள் க்னின் கலகக்காரர்களின் வாரிசுகள்தானே?

குரோஷிய வலதுசாரிகள் அப்படித்தான் சொல்வார்கள். பாதி உண்மை, பாதி தப்பு. 1990இல் கலகத்தை வழிநடத்தியது செர்பிய ஜனநாயகக் கட்சி, யோவான் ராஷ்கோவிச் தொடங்கியது. பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருந்தாலும் அது வேறு அமைப்பு. ‘சுயேச்சை’ என்ற சொல் இன்னும் பழைய ஞாபகம்: 1905இல் குரோஷியக் கட்சிகளோடு கூட்டணி வைத்த செர்பிய சுயேச்சைக் கட்சி, பிறகு 1927இல் குரோஷிய விவசாயிகள் கட்சித் தலைவர் ஸ்தெபான் ராதிச்சோடு கைகோர்த்த ஸ்வெதோசார் பிரிபிசெவிச்சின் சுயேச்சை ஜனநாயகக் கட்சி. அதாவது, சாக்ரெப்போடு சேர்ந்து அரசியல் செய்யும் செர்பியர் என்ற மரபு.

மறுபக்கம், ஸ்டானிமிரோவிச் செர்பியர் பிடியில் இருந்த வுகோவாரின் நிர்வாகத்தில் இருந்தவர். குரோஷிய முன்னாள் போர்வீரர்கள் இதை மறக்கவே இல்லை. புபோவாட்ஸ் போர்க்காலம் முழுக்க சாக்ரெப்பில் இருந்து, இரண்டு தரப்புத் தீவிரவாதிகளிடமும் ஏச்சு வாங்கியவர். டான்யூப் கரைக்காரர்களும் சாக்ரெப் அறிவாளிகளும் என்று இரண்டு குழுக்கள் ஒரே கட்சிக்குள் சேர்ந்தன. அந்தத் தையல் இன்றும் தெரியும்.

நாடாளுமன்றத்தில் அந்த மூன்று இடங்கள் எப்படி வந்தன?

குரோஷிய நாடாளுமன்றத்தின் பெயர் சபோர், 151 உறுப்பினர்கள். பத்துத் தொகுதிகளில் தலா 14 பேர், வெளிநாட்டுக் குரோஷியர்களுக்கு 3, சிறுபான்மையினருக்கு 8. நாடு முழுக்க ஒரே தொகுதியாக உள்ள பன்னிரண்டாம் தொகுதியில் இந்த எட்டுப் பேரும் தேர்வாகிறார்கள். அதில் செர்பியர்களுக்கு மூன்று. ஹங்கேரியர், இத்தாலியர் போன்றோருக்குத் தலா ஒன்று, மீதியைப் பல சிறிய இனங்கள் பகிர்ந்துகொள்கின்றன. 2002இல் வந்த சிறுபான்மையினர் உரிமைகளுக்கான அரசியலமைப்புச் சட்டம்தான் இதற்கு அடித்தளம்.

2003 முதல் ஒவ்வொரு தேர்தலிலும் மூன்று இடங்களையும் எஸ்.டி.எஸ்.எஸ். தான் அள்ளியிருக்கிறது. அதற்கு முன் 2000 தேர்தலில் செர்பியர்களுக்கு ஒரே இடம், அதை வென்றது வேறு கட்சி.

செர்பியர்கள் எல்லோரும் இவர்களுக்கே ஓட்டுப் போடுகிறார்களா?

இல்லை. விஷயமே அங்கேதான் இருக்கிறது. வாக்குச்சாவடியில் சிறுபான்மையினர் ஒருவர் தேர்ந்தெடுக்க வேண்டும்: சிறுபான்மைப் பட்டியலா, பொதுத் தொகுதியா? இரண்டிலும் ஓட்டுப் போட முடியாது. பலர் பொதுத் தொகுதியையே எடுக்கிறார்கள். சமூக ஜனநாயகக் கட்சிக்குப் போடுபவர்கள் அதில் நிறைய. யார் பிரதமர் என்பதில் எனக்கும் பங்கு வேண்டும் என்பது ஒரு காரணம். சின்ன ஊரில், எல்லோர் எதிரிலும் ‘எனக்குச் செர்பியர் சீட்டு கொடுங்கள்’ என்று கேட்க வேண்டியிருப்பது இன்னொரு காரணம்.

செர்பியர்களைவிடச் சிறிய சிறுபான்மையினருக்கு இரண்டு ஓட்டு என்ற திருத்தத்தை 2010இல் கொண்டுவந்து பார்த்தார்கள். 2011 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பெரிய கட்சிகள் யாரும் அதற்காக அழவில்லை.

இதனால் எதிர்க்கட்சியினர் ஒரு பழைய கேலியைக் கையில் வைத்திருக்கிறார்கள்: பொதுத் தொகுதியில் ஜெயிக்கத் தேவையான ஓட்டைவிடக் குறைவாக வாங்கி உள்ளே வந்தவர்கள் அரசாங்கத்தைத் தீர்மானிக்கிறார்கள் என்று. கணக்கு சரிதான். ஆனால் அந்த இட ஒதுக்கீடே எண்ணிக்கையில் சிறியவர்களுக்காகத்தான் என்பதைக் கேலி செய்பவர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

போரில் எதிரே நின்ற கட்சியோடு எப்படிக் கூட்டணி வைக்க முடிந்தது?

எல்லோரும் கேட்கும் கேள்வி, கட்சிக்குள்ளும் கேட்கப்படுவது. குரோஷிய ஜனநாயக ஒன்றியம், சுருக்கமாக எச்.டி.இசட்., போர்க்காலக் குடியரசுத் தலைவர் ஃபிரான்யோ துஜ்மன் தொடங்கிய தேசியவாதக் கட்சி. ‘புயல்’ அவர்களுடைய பெருமை. 2003 நவம்பர் தேர்தலில் அவர்கள் 66 இடம் பிடித்தார்கள், பெரும்பான்மை இல்லை. தலைவர் இவோ சனாதெருக்கு இன்னொரு தேவையும் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வேண்டும், பிரஸ்ஸல்ஸ் முதலில் கேட்பதே அகதிகள் திரும்பி வந்தார்களா என்பதுதான். செர்பியக் கட்சியின் ஆதரவு ஒரே கல்லில் இரண்டு மாங்காய். 2003 டிசம்பரில் ஒப்பந்தம் எழுதினார்கள்: பிடிக்கப்பட்ட வீடுகளைத் திருப்பித் தருவது, இடிந்த வீடுகளைக் கட்டுவது, திரும்பி வருவோருக்கு உதவி.

2004 ஜனவரியில் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்துமஸ் வரவேற்பில் சனாதெர் போய் நின்று, ‘ஹ்ரிஸ்தோஸ் சே ரோதி’ என்று செர்பிய மரபுப்படி வாழ்த்துச் சொன்னார். ‘கிறிஸ்து பிறந்தார்’ என்று பொருள். துஜ்மனின் வாரிசு வாயிலிருந்து இது வந்ததைக் கேட்டுப் பலர் திகைத்துப் போனார்கள்.

சமூக ஜனநாயகவாதிகள் இயல்பான நண்பர்கள்தானே, அவர்களோடு போயிருக்கலாமே என்பார்கள். ஆனால் இடதுசாரி அரசு செர்பியர்களுக்கு எதையாவது கொடுத்தால் எச்.டி.இசட். தெருவில் இறங்கும். எச்.டி.இசட். கொடுத்தால் தெருவில் இறங்க ஆள் குறைவு. புபோவாட்ஸ் இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

2008இல் கட்சியின் ஸ்லோபோதான் உஸெலாட்ஸ் துணைப் பிரதமரானார். அவருடைய துறையின் பெயரே பட்டியல் மாதிரி: வட்டார வளர்ச்சி, மறுகட்டுமானம், அகதிகள் மீள்வருகை.

இதில் சாதாரணச் செர்பியருக்கு என்ன கிடைத்தது?

பெரிதாக எழுத முடியாத விஷயங்கள். போரில் அறுந்த மின்கம்பி மறுபடி வந்த கிராமங்கள், தார் போட்ட சாலை, ஓடு போட்ட கூரை. கலகக் குடியரசின் பகுதியில் வேலை பார்த்த ஆண்டுகளை ஓய்வூதியத்துக்குக் கணக்கில் எடுப்பது. செர்பிய மொழியில், சிரிலிக் எழுத்தில் பாடம் நடத்தும் பள்ளிகள். இவை பெரும்பாலும் டான்யூப் பகுதியில்தான், எர்டூட் காலத்து ஏற்பாட்டின் தொடர்ச்சி.

கிடைக்காதது பெரிது. சோஷலிசக் காலத்தில் நகரங்களில் மக்கள் குடியிருந்தது அரசு, நிறுவன அடுக்குமாடி வீடுகளில். சொந்தம் இல்லை, ஆனால் ஆயுளுக்கும் குடியிருக்கும் உரிமை. ஓடிப்போனவர்கள் வீட்டில் இல்லை என்ற காரணத்துக்காகவே நீதிமன்றங்கள் ஆயிரக்கணக்கான உரிமைகளை ரத்து செய்தன. கிராமத்தில் சொந்த வீடு வைத்திருந்தவர் திரும்பினார். நகரத்துக்காரர் திரும்ப இடமில்லை. பின்னால் மாற்று வீட்டுத் திட்டங்கள் வந்தன, அதற்குள் பிள்ளைகள் செர்பியத் தலைநகர் பெல்கிராடிலோ அங்குள்ள நோவி சாடிலோ வேலைக்குப் போய்விட்டார்கள். திரும்பிய கிராமங்களில் இன்று பார்ப்பது பெரும்பாலும் வயதானவர்களைத்தான்.

2020இல் க்னினில் என்ன நடந்தது? ஏன் அவ்வளவு பேச்சு?

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 5 அன்று க்னின் கோட்டையில் ‘புயல்’ வெற்றி விழா. செர்பியர்களுக்கு அது ஊரை விட்ட நாள். 2020 தேர்தலுக்குப் பிறகு பிரதமர் ஆந்த்ரேய் பிளென்கோவிச்சின் எச்.டி.இசட். அணிக்கு 66 இடம், பெரும்பான்மைக்கு வேண்டியது 76. எட்டுச் சிறுபான்மையினரும் இரண்டு சிறு கட்சிகளின் தலா ஒருவரும் சேர்ந்து சரியாக 76. எஸ்.டி.எஸ்.எஸ். சார்பில் போரிஸ் மிலோஷெவிச் துணைப் பிரதமரானார்.

அவர் அந்த ஆகஸ்ட் 5 விழாவுக்குப் போனார். செர்பியர்களின் அரசியல் பிரதிநிதி ஒருவர் அங்கே நின்றது அதுவே முதல் முறை. அவருடைய பாட்டி ‘புயலு’க்குப் பின் கொல்லப்பட்டவர்களில் ஒருவர். மேடையில் பேசியவர்களில் ஜெனரல் ஆந்தே கோதோவினாவும் உண்டு. யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரித்த ஹேக் நீதிமன்றம் 2011இல் தண்டித்து, 2012இல் மேல்முறையீட்டில் விடுவித்த அதே தளபதி.

பதிலுக்கு ஆகஸ்ட் 25 அன்று க்ருபோரி என்ற குக்கிராமத்தில், 1995இல் கொல்லப்பட்ட ஆறு முதியவர்களுக்கான நினைவு நிகழ்ச்சிக்குக் குடியரசுத் தலைவர் சோரான் மிலானோவிச்சும், முன்னாள் போர்வீரர்களுக்கான அமைச்சர் தோமோ மெத்வெட்டும் வந்தார்கள். செப்டம்பரில் ஒன்பது பேர் கொல்லப்பட்ட வரிவோதே கிராமத்துக்குப் பிளென்கோவிச்சே போனார். பெல்கிராடில் மிலோஷெவிச்சைத் துரோகி என்றார்கள். க்னினில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். 2021இல் போரில் பாதிக்கப்பட்ட பொதுமக்களுக்கான சட்டம் சபோரில் நிறைவேறியது. கோட்டைக்கு ஏறிய ஒரு நடை இல்லாமல் அது வந்திருக்குமா என்று நான் யோசித்ததுண்டு.

2022 வசந்தத்தில் மிலோஷெவிச்சுக்குப் பதிலாக அன்யா ஷிம்ப்ராகா துணைப் பிரதமரானார்.

கூட்டணிக்காகக் கட்சி அதிகம் விட்டுக்கொடுத்துவிட்டதா?

சில நேரம், ஆம். 2016 கடைசியில் யாசெனோவாட்ஸ் ஊரில் ஒரு பலகை வைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நாஜிகளோடு சேர்ந்த குரோஷிய உஸ்தாஷா ஆட்சியின் பெரிய மரண முகாம் இருந்த ஊர் அது. நினைவகம் பெயரோடு பதிவு செய்த 83,145 பேரில் 47,627 பேர் செர்பியர்கள். அந்த ஊரில், 1990களின் போரில் கொல்லப்பட்ட குரோஷியப் போர்வீரர்களுக்கான பலகையில், உஸ்தாஷா வணக்கமான ‘தாயகத்துக்காகத் தயார்’ என்ற வாசகம். எஸ்.டி.எஸ்.எஸ். கண்டித்தது, யாசெனோவாட்ஸில் அரசு நடத்திய நினைவுநாளைப் புறக்கணித்துத் தனியாக நடத்தியது. ஆனால் அரசுக்கான ஆதரவை விலக்கவில்லை. 2017 செப்டம்பரில் பலகை எடுக்கப்பட்டு, பக்கத்து நகரமான நோவ்ஸ்காவில் வைக்கப்பட்டது. எடுத்தார்கள், உடைக்கவில்லை. கட்சிக்குக் கிடைத்த வெற்றிகள் நிறைய இந்த அளவில்தான் இருக்கும்: பலகை பத்துக் கிலோமீட்டர் நகரும்.

இன்னொரு குறை, எல்லாம் ஒரே வட்டத்துக்குள் இருப்பது. செர்பிய தேசிய மன்றம், அதன் வார இதழ் ‘நோவோஸ்தி’, கட்சி எல்லாவற்றிலும் ஏறக்குறைய அதே முகங்கள். புதிதாக ஒரு செர்பியர் அரசியலுக்கு வர நினைத்தால் அந்த வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும்.

வுகோவாரில் சிரிலிக் பலகைகளை ஏன் உடைத்தார்கள்?

1991இல் 87 நாள் முற்றுகைக்குப் பின் நவம்பர் 18 அன்று வீழ்ந்த நகரம். மருத்துவமனையிலிருந்து கொண்டுபோகப்பட்ட இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் அருகிலுள்ள ஓவ்சாராவில் சுடப்பட்டார்கள். அந்த ஊரில் சிரிலிக் எழுத்தைப் பார்த்தால் பலருக்கு நினைவு வருவது பள்ளிப்பாடம் இல்லை.

சட்டம் சொல்வது: ஒரு நகராட்சியில் ஒரு சிறுபான்மை இனம் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் அதன் மொழிக்கும் எழுத்துக்கும் சம அலுவல் உரிமை. 2011 கணக்கில் வுகோவார் செர்பியர்கள் 34.87 சதவீதம். 2013 செப்டம்பரில் அரசு அலுவலகங்களில் இரட்டை எழுத்துப் பலகை மாட்டியதும், சுத்தியலால் அடித்து நொறுக்கினார்கள். வரம்பை ஐம்பது சதவீதமாக்க வாக்கெடுப்பு கேட்டார்கள், 2014இல் அரசியலமைப்பு நீதிமன்றம் மறுத்தது. பலகைகள் மட்டும் திரும்ப வரவில்லை. 2021 கணக்கெடுப்பில் பங்கு முப்பது சதவீதத்துக்கும் சற்றுக் கீழே போய்விட்டது. உரிமை சட்டத்தில் இருக்கிறது, அதைக் கேட்க எண்ணிக்கை இல்லை. சுத்தியல் செய்ய முடியாததைக் கணக்கெடுப்பு செய்தது.

பெல்கிராட் சொல்கிறபடி நடப்பவர்களா?

கொசோவோவின் செர்பியர் பட்டியல் கட்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே 120 இடங்களில் 10 செர்பியர்களுக்கு, அவற்றில் பெரும்பாலானவற்றைப் பிடித்திருக்கும் கட்சி பெல்கிராடின் நிழலாகவே இயங்குகிறது. 2022 நவம்பரில் அவர்கள் கூண்டோடு அரசு அமைப்புகளை விட்டு வெளியேறினார்கள். எஸ்.டி.எஸ்.எஸ். அந்த வேலையைச் செய்யாது. செர்பியாவிடமிருந்து பண உதவியும் மரியாதையும் வரும், ஆனால் கட்சியின் கணக்குப் புத்தகம் சாக்ரெப்பில்.

2024இல் ஏன் வெளியே போனார்கள்?

போகவில்லை, வெளியே நிறுத்தப்பட்டார்கள். ஏப்ரல் 17 தேர்தலில் எச்.டி.இசட். அணிக்கு 61 இடம். வலதுசாரி தாயக இயக்கத்துக்கு 14. அவர்கள் போட்ட முதல் நிபந்தனை: எஸ்.டி.எஸ்.எஸ். அரசில் இருக்கக் கூடாது. ‘நோவோஸ்தி’க்குப் போகும் அரசுப் பணமும் அவர்கள் கண்ணை உறுத்தியது. பிளென்கோவிச் ஒத்துக்கொண்டார், மே மாதம் புதிய அரசு அமைந்தது. இருபது ஆண்டுகளாகக் கட்டிய உறவை விட 14 பெரியது, 3 சிறியது. இந்தக் கட்சியை அரசுக்குள் கொண்டுவந்ததும் எண்கணிதம்தான், அதனால் இதில் குறை சொல்லவும் கஷ்டமாக இருக்கிறது.

புபோவாட்ஸ், ஷிம்ப்ராகா, டிராகானா யெட்ச்கோவ் மூவரும் சபோரில் எதிர்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

மக்கள்தொகை இப்படியே குறைந்தால் மூன்று இடங்களும் போய்விடுமா?

உடனே போகாது. சட்டத்தில் உள்ள எல்லைக்கோடு மொத்த மக்கள்தொகையில் 1.5 சதவீதம். அதற்கு மேல் உள்ள சிறுபான்மைக்குத்தான் மூன்று இடம்வரை உறுதி, தற்போது செர்பியர்கள் மட்டுமே அந்த வகையில் வருகிறார்கள். 3.2இலிருந்து 1.5க்கு இறங்க இன்னும் தூரம் இருக்கிறது. உள்ளாட்சிதான் முதலில் அடிபடும். பொரோவோ, திர்பின்யா, நெகோஸ்லாவ்ட்சி, மார்குஷிட்சா போன்ற கிழக்குக் கிராமங்களில் செர்பியர்கள் இன்னும் பெரும்பான்மை, அங்கே கட்சி அசையாது. அவற்றின் பள்ளிகளில் முதல் வகுப்பில் எத்தனை பேர் சேர்கிறார்கள் என்பதைத்தான் கட்சிக்காரர்கள் ஒவ்வொரு செப்டம்பரிலும் கவனிப்பார்கள்.